வலது கை கொடுப்பது

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். தான தர்மத்துக்கு அது பொருந்தும். (நான் செய்யும் தர்மம் பல சமயம் என் வலது கைக்கே தெரிவதில்லை என்பது வேறு விஷயம்.) மோட்டார் சைக்கிளுக்கு அது ஆகாது. வலது கை ஆக்சிலேட்டர் கொடுக்கிறது என்றால் இடது கைக்குத் தெரிந்தே ஆக வேண்டும். தெரியாமல் போனால் வண்டி ஒரு துள்ளுத் துள்ளி நடுரோட்டில் நிற்கும். பின்னால் வருகிற லாரிக்காரர் நம் பரம்பரையைப் பற்றிச் சில கேள்விகள் கேட்பார்.

இருபத்தேழு வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஐந்து ரோட்டுக்கும், ஐந்து ரோட்டிலிருந்து செவ்வாய்ப்பேட்டைக்கும் போய் வந்த தூரத்தை ஒன்றாக நீட்டினால் இந்நேரம் காசியில் இறங்கிக் குளித்துவிட்டுத் திரும்பியிருப்பேன். ஆகவே என் இடது கைக்கு எல்லாம் தெரியும் என்றுதான் இருந்தேன். கைக்குத் தெரிந்திருந்தது, பொய் சொல்வானேன். தோளுக்கு மேலே இருப்பதற்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. அது என் மகள் கேட்ட ஒரு கேள்வியில் வெளியே வந்தது.

பி.காம். படித்துக்கொண்டிருந்த அவள் வண்டி பழக வேண்டும் என்றாள். ஸ்கூட்டர் வேண்டாமாம், கியர் வண்டிதான் வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஒரு காலித் திடலுக்கு என் 100 சிசி வண்டியில் அழைத்துப் போனேன். முதல் கியர் போட்டாள், கிளட்ச் லீவரை விட்டாள், வண்டி குதித்து நின்றது. மறுபடி குதித்து நின்றது. திடலில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் முதல் நான்கு முறை பயந்து ஓடின. ஐந்தாவது முறையிலிருந்து அவை தலையைக்கூடத் தூக்கவில்லை.

"மெதுவா விடும்மா."

"மெதுவான்னா எவ்வளவு மெதுவா?"

"பொறுமையா."

"ரெண்டும் ஒண்ணுதானேப்பா. சரி, இதைப் பிடிச்சா உள்ள என்ன ஆகுது? அதைச் சொல்லுங்க."

"வண்டி அடங்கும்."

"எது அடங்கும்? இன்ஜின் சத்தம் போட்டுக்கிட்டேதான இருக்கு?"

இப்படிப்பட்ட நேரத்துக்கென்றே தகப்பன்மார் தலைமுறை தலைமுறையாக ஒரு பதிலைக் காப்பாற்றி வருகிறார்கள். அதைச் சொன்னேன். "முதல்ல ரோட்டைப் பாரு." அங்கே ரோடு இல்லை. ஆடுகள்தான் இருந்தன.

கேள்விக்கு விடை கிடைக்க இரண்டு வாரம் கழித்து வழி பிறந்தது, ஏற்காட்டு மலைப்பாதையின் ஒன்பதாவது வளைவில்.

மே மாதம், கோடை விழா, மலர்க் கண்காட்சி. மகளுக்குப் பரீட்சை. நானும் மனைவியும் மட்டும் கிளம்பினோம். "பஸ்ல போயிடலாங்க" என்றாள். "முப்பது கிலோமீட்டருக்கு பஸ்ஸா?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியை அவள் அதன்பின் பல சந்தர்ப்பங்களில் என் குரலிலேயே எனக்குச் சொல்லிக் காட்டியிருக்கிறாள். கோரிமேடு தாண்டி, அடிவாரம் தாண்டி, ஏற்றம் ஆரம்பித்தது. சேலத்தின் வெயிலிலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிற பாதை. இருபது கொண்டை ஊசி வளைவுகள். என் எடை எண்பத்திரண்டு கிலோ. மனைவியின் எடையை இந்தக் கட்டுரையில் வெளியிட அனுமதி கிடைக்கவில்லை.

ஏழாவது வளைவில் தோளைத் தட்டினாள்.

"என்னங்க, கேஸை அணைச்சோமா?"

"அணைச்சாச்சு."

"இல்லைங்க, ஏதோ கருகுற வாசனை வருது. பாலை அடுப்புல வெச்சுட்டு வந்துட்டமா?"

"முன்னால லாரி போகுதில்ல, அதோட பிரேக்கு."

முன்னால் லாரி எதுவும் இல்லை. எட்டாவது வளைவில் வண்டி சற்றுச் சோம்பியது. ஒன்பதாவதில் ஆக்சிலேட்டரை முழுசாகத் திருகினேன். இன்ஜின் மீனம்பாக்கத்தில் விமானம் மேலே கிளம்புவதுபோல் அலறியது. வண்டி மட்டும் திருவாரூர்த் தேர் மாதிரி, முட்டுக்கட்டை போட்டுப் போட்டு நகர்ந்தது. நான் கொடுப்பது எங்கோ போகிறது, சக்கரத்துக்கு மட்டும் போகவில்லை. அந்த நேரம் பார்த்து, ஒரு பெரியவர் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் முன்னால் ஒரு மூட்டை, பின்னால் இரண்டு மூட்டை வைத்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார். தாண்டும்போது திரும்பி, வண்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

மனைவி இறங்கி நடந்தாள். வண்டி என்னை மட்டும் சுமந்துகொண்டு புகைச்சலோடு பின்னால் போனது. அடுத்த வளைவில் அவள் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். இந்த அளவுக்கு விஷயம் முற்றியபோது ஒரு பஸ் வந்தது. கையைக் காட்டினாள், நின்றது, ஏறினாள். மலர்க் கண்காட்சி அந்த வருஷம் ரொம்ப நன்றாக இருந்ததாம். மிளகாய் பஜ்ஜியும் சூடாக இருந்ததாம்.

நான் சாலையோரக் கட்டைச்சுவரில் உட்கார்ந்தேன். குரங்குகள் வந்தன. அதில் ஒன்று வண்டியின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கிளட்ச் லீவரைப் பிடித்துப் பார்த்தது. ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்ததும் சுத்தமாக விட்டுவிட்டது. அன்றைக்கு அந்த மலையில் கிளட்சைச் சரியாகக் கையாண்டது அது ஒன்றுதான் என்பது எனக்கு மறுநாள் தெரிந்தது. குரங்குப் பிடி என்று நாம் எதைச் சொல்கிறோமோ அது என் கையில் இருந்தது.

அரை மணி நேரம் ஆறியதும் வண்டிக்குக் கொஞ்சம் பிடிமானம் திரும்பியது. சூடு தணிந்தால் வழுக்கல் தற்காலிகமாகக் குறையும் என்பது அப்போது தெரியாது. நான் கும்பிட்டுக்கொண்ட தெய்வத்தின் கணக்கில் அதை எழுதிக்கொண்டேன். வண்டியைக் கீழ்நோக்கித் திருப்பி, என் வழக்கப்படி இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் உருட்டிக்கொண்டே இறங்கினேன். இறக்கத்தில் பெட்ரோலை மிச்சம் பிடிக்காத மனிதனும் ஒரு குடும்பஸ்தனா? ஐந்தாவது வளைவுக்கு வரும்போது பிரேக்கிலிருந்தும் ஒரு வாசனை வர ஆரம்பித்தது. இம்முறை பாலைப் பற்றிக் கேட்கப் பின்னால் ஆள் இல்லை.

மெக்கானிக் பட்டறை எங்கள் தெருவுக்கு இரண்டு சந்து தள்ளி. அந்தத் தம்பிக்கு முப்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார். கேள்விதான் கேட்பார், அதுவும் வண்டியைப் பார்த்தபடியே.

"லீவரை யாருங்கண்ணா டைட் வெச்சது?"

"நான்தான். லொடலொடன்னு ஆடிட்டு இருந்துச்சு. திருகி விறைப்பா வெச்சேன்."

"ம். ஆயில் எப்ப மாத்துனீங்க?"

"போன மாசம்."

"எங்க?"

"வீட்டுலயே."

"என்ன ஆயிலு?"

இங்கேதான் சற்றுத் தடுமாறினேன். மச்சினர் புதுக் கார் வாங்கியிருக்கிறார். அதன் சர்வீஸுக்கு வாங்கிய உயர்தர ஆயிலில் ஒரு லிட்டருக்கு மேல் மிச்சம். வீணாகப் போகிறதே என்று வீட்டுக்கு எடுத்து வந்து என் வண்டிக்கு ஊற்றினேன். கார் குடிக்கிற ஆயிலை நம் வண்டிக்கும் கொடுத்தோம் என்று எனக்குள் ஒரு நெகிழ்ச்சிகூட இருந்தது. அநாதைப் பிள்ளைக்குத் தீபாவளிச் சட்டை எடுத்துக் கொடுத்த மாதிரி.

மெக்கானிக் தம்பி ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் வண்டியின் வலது பக்க மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்த உறுப்புகளை ஒரு தினத்தாளின் மேல் வரிசையாகப் பரப்பிக் காட்டினார். கிளட்ச் என்றால் நான் என்ன நினைத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். லீவரின் கம்பி உள்ளே போய் ஏதோ ஒரு கொக்கியைக் கழற்றும், விட்டால் மாட்டும் என்று நினைத்திருந்தேன். ரயில் பெட்டிகளைக் கோப்பது போல. அங்கே கொக்கியே இல்லை. நடுவில் பெரிய ஓட்டையுள்ள வட்டத் தகடுகள்தான் இருந்தன. ஒன்று வெறும் இரும்பு, அடுத்தது மேலே பழுப்புப் பட்டைகள் ஒட்டியது, மறுபடி இரும்பு, மறுபடி பழுப்பு. அடுக்கி வைத்தால் இட்லித் தட்டுகள் தோற்கும். அந்தப் பழுப்புத் தகட்டைத்தான் கிளட்ச் பிளேட் என்கிறார்கள். முன்பு அதில் தக்கையை ஒட்டுவார்களாம். இப்போது காகித நாரைப் பிசினோடு சேர்த்து அழுத்திச் செய்த பட்டை. எங்கள் பக்கத்துப் பழைய மெக்கானிக்குகள் இன்னும் அதை 'கார்க் பிளேட்' என்றுதான் சொல்கிறார்கள்.

பழுப்புத் தகடுகளுக்கு வெளி விளிம்பில் காதுகள் இருக்கின்றன. அவை ஒரு கிண்ணத்தின் பள்ளங்களில் உட்காரும். கிண்ணத்தைச் சுழற்றுவது இன்ஜின். இரும்புத் தகடுகளுக்கு உள் விளிம்பில் பற்கள். அவை நடுவில் இருக்கிற சென்டரைப் பிடிக்கும். சென்டர் கியர்பாக்ஸைச் சுழற்றும், கியர்பாக்ஸ் செயினை, செயின் சக்கரத்தை. அதாவது ஒன்றுவிட்டு ஒரு தகடு இன்ஜின் கட்சி, மற்றவை சக்கரத்தின் கட்சி. இரண்டு கட்சிக்கும் நடுவில் கொக்கி கிடையாது, பல் கிடையாது, ஒப்பந்தம் கிடையாது. மேலே ஒரு பிரஷர் பிளேட்டும் நாலு ஸ்பிரிங்கும் சேர்ந்து எல்லாரையும் ஒன்றாகப் போட்டு நசுக்குகின்றன. அந்த நெருக்கத்தில் பிறக்கிற உராய்வு ஒன்றுதான் இன்ஜினின் மொத்த பலத்தையும் சக்கரத்துக்குக் கொண்டுபோகிறது. இருபத்தேழு வருஷமாக நானும், பதினெட்டு வருஷமாக என் குடும்பமும், சில சமயம் ஒரு சிப்பம் அரிசியும் வெறும் உரசலை நம்பித்தான் போய்க்கொண்டிருந்தோம்.

லீவரைப் பிடித்தால் கம்பி இழுத்து அந்த ஸ்பிரிங்குகளின் அழுத்தத்தைத் தளர்த்தும். பிரஷர் பிளேட் விலகுவது ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அது போதும், தகடுகள் தனித்தனியாகச் சுற்ற ஆரம்பிக்கும். நம் வீட்டுக் கூட்டங்களில் ஒருவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் மற்றவர்கள் மூச்சு விடுவது போல. ஆக, நாம் பிடித்தால் அது விடுகிறது, நாம் விட்டால் அது பிடிக்கிறது. கிளட்ச் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இறுகப் பிடித்தல் என்று பொருள். பிடிக்கிற வேலையைக் கையை எடுத்தால்தான் செய்யும் ஒரு பொருளுக்கு இந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். தமிழில் 'உரசிணைப்பி' என்று ஒரு சொல் உண்டு. வாயில் நுழைய நாளாகும் என்றாலும், உள்ளே நடப்பதை அது ஒளிக்காமல் சொல்கிறது. உரசி இணைக்கிறது, அவ்வளவுதான். இந்தச் சொல்லை ஒருமுறை பட்டறையில் பயன்படுத்திப் பார்த்தேன். "அது எந்தக் கடையிலங்கண்ணா கிடைக்கும்?" என்று கேட்டார் தம்பி.

சரி, கொக்கி போட்டாலென்ன? ஏன் இந்த உரசல்? இங்கேதான் என் மகளின் கேள்விக்குப் பதில் இருந்தது. என் வண்டியின் இன்ஜின் சும்மா நிற்கும்போதுகூட நிமிஷத்துக்கு 1400 சுற்றுப் போல ஓடிக்கொண்டிருக்கும். அதைவிட ரொம்பக் குறைத்தால் செத்துப்போகும். பெட்ரோல் இன்ஜினுக்கு உட்கார்ந்து யோசித்து எழுந்து நடக்கிற பழக்கம் கிடையாது, ஓடும், இல்லாவிட்டால் கிடக்கும். சக்கரமோ சிக்னலில் பூஜ்யம். முதல் கியரில், அந்த 1400 சுற்றுக்கே வண்டி ஓர் ஆள் நடக்கிற வேகத்தில் போயாக வேண்டும். பூஜ்யத்துக்கும் ஆள் நடைக்கும் நடுவில் இருக்கிற அந்த இரண்டு மூன்று விநாடிதான் கிளட்சின் வாழ்க்கை. அந்த நேரத்தில் தகடுகள் வேண்டுமென்றே வழுக்க வேண்டும். ஒரு கட்சி ஓட, மறு கட்சி நிற்க, உரசி உரசி ஓடுகிறவரை அடக்கி நிற்கிறவரை எழுப்பி, இருவரும் ஒரே வேகத்துக்கு வந்ததும் வழுக்கலை நிறுத்திவிட வேண்டும். கொக்கியாக இருந்தால் மாட்டிய மறுகணம் இன்ஜின் நின்றுபோகும், அல்லது வண்டி எகிறும். என் மகள் லீவரைச் சட்டென்று விட்டபோதெல்லாம் நடந்தது அதுதான். அவள் கிளட்சைக் கொக்கியாக்கிவிட்டாள். இதைச் சொல்லத் தெரியாமல்தான் நான் 'பொறுமை' என்று ஒரு பெரிய வார்த்தையைப் போட்டுச் சமாளித்திருக்கிறேன்.

மறுநாள் மனைவியும் பட்டறைக்கு வந்தாள். செலவு விவரத்தில் அவளுக்கு எப்போதும் ஆர்வம் உண்டு. எனக்கு முக்கால் மணி நேரம் விளக்கியதைத் தம்பி அவளிடம் இரண்டு வாக்கியம்தான் சொல்லியிருப்பார். அவள் மிச்சத்தை முடித்தாள்.

"கிரைண்டர் மாதிரி சொல்றீங்க தம்பி. மாவு கெட்டியா இருக்கும்போது பெல்ட்டு லூஸா இருந்தா மோட்டார் மட்டும் கத்தும், கல்லு சுத்தாது. பெல்ட்டு கருகுற வாசனை வரும்."

"அதேதாங்க்கா! அதேதான்!" அவர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை நான் பார்த்ததில்லை. "அக்கா பட்டுன்னு பிடிச்சுட்டாங்க பாருங்கண்ணா."

"போன வருஷம் கிரைண்டர் கிறீச்சுன்னு கத்துதுன்னு பெல்ட்டுல தேங்காய் எண்ணெய் விட்டவர் இவர்தான்" என்றாள் அவள்.

தம்பி என்னைப் பார்த்தார். முதல்முறையாக வண்டியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

ஆயில் விஷயத்தில் என் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. சாதாரணக் காரில் கிளட்ச் ஒரே பெரிய தகடு, ஆயில் படாத தனியிடத்தில், உலர்ந்து இருக்கும். காருக்கு இடம் இருக்கிறது. மோட்டார் சைக்கிளுக்கு அவ்வளவு பெரிய வட்டத்தை எங்கே ஒளிப்பது? அதனால்தான் சிறிய தகடுகளாகப் பலவற்றை அடுக்கி, உரசும் பரப்பைக் கூட்டிக்கொண்டார்கள். அடுக்கினால் சூடு உள்ளே தங்கும், ஆகவே மொத்த அடுக்கையும் ஆயிலில் முக்கி வைத்துவிட்டார்கள். பெரும்பாலான பைக்குகளில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில்தான், கூட்டுக் குடும்பத்தில் ஒரே குழம்பு மாதிரி. நவீன கார் ஆயில்களில் பெட்ரோல் மிச்சமாக வேண்டும் என்று உராய்வைக் குறைக்கிற மருந்துகள் சேர்க்கிறார்கள். அந்த மருந்துக்கு எது உரசலாம், எது உரசக் கூடாது என்கிற விவேகம் கிடையாது. உரசிப் பிழைக்கிற தகடுகளின் மேலும் போய்ப் படுத்துக்கொள்ளும். இந்தக் குழப்பம் வந்த பிறகுதான் ஜப்பான்காரர்கள் 1990-களின் இறுதியில் இரு சக்கர வண்டி ஆயிலுக்கென்று தனித் தரம் வகுத்தார்கள். டப்பாவின் முதுகில் 'ஜாசோ எம்.ஏ.' என்று பொடி எழுத்தில் இருக்கும். கிளட்ச் ஆயிலில் முங்கும் வண்டிக்கு அது. எம்.பி. என்றால் வழுக்கல் அதிகம், கியர் இல்லாத ஸ்கூட்டர்களுக்கு அது. ஆயில் வாங்குகிறவன் அது வழுக்குமா என்று பார்த்தது போக, போதுமான அளவு வழுக்காமல் இருக்குமா என்று பார்த்து வாங்க வேண்டிய காலம். நான் பார்த்தது ஒன்றே ஒன்றுதான்: இலவசமா?

இரண்டாவது குற்றம், லீவரை விறைப்பாக்கியது. லீவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை சும்மா ஆட வேண்டும். அந்த ஆட்டம் பழுது அல்ல, வேண்டுமென்று விட்டது. அது இல்லையென்றால், நாம் கையை எடுத்த பிறகும் கம்பி உள்ளே லேசாக இழுத்துக்கொண்டே இருக்கும். ஸ்பிரிங்குகள் முழுசாக நசுக்காது, தகடுகள் முழுசாகச் சேராது. தேய்ந்துகொண்டே, காய்ந்துகொண்டே ஓடும். ஆட்டம் ரொம்ப அதிகமானாலும் கஷ்டம்தான். பிடித்தாலும் முழுசாக விடாமல் கியர் 'டக்'கென்று விழும், சிக்னலில் நியூட்ரல் கிடைக்காமல் காலால் தேடிக்கொண்டே இருப்போம். வீட்டில் எது ஆடினாலும் அதை இறுக்குவது என் சுபாவம். ஜன்னல் கொண்டி, குழாய் வாஷர், மிக்ஸி மூடி. எங்கள் வீட்டில் இன்று எளிதாகத் திறக்கிற எதுவும் இல்லை.

மூன்றாவது குற்றத்தை நான் ஒப்புக்கொள்ளவே இல்லை, அவராகவே கண்டுபிடித்தார். லீவரின் மேல் ரப்பர் உறை நான்கு விரல் அச்சாகத் தேய்ந்திருந்தது. "எப்பவும் கை இது மேலயேதான் இருக்குமாங்கண்ணா?" இருக்கும். எந்த நேரமும் மாடு குறுக்கே வரலாம், பந்து வரலாம், உறவினர் வரலாம் என்று தயார் நிலையில் இருப்பவன் நான். இதற்கு ஹாஃப் கிளட்ச் என்று பெயர். லீவரில் கையின் கனம் இருந்தாலே ஆட்டம் போய்விடும், பிறகு மேலே சொன்ன கதைதான். நான் ஜாக்கிரதை என்று நினைத்துக்கொண்டிருந்த ஒன்று இருபத்தேழு வருஷமாகக் கிளட்ச் பிளேட் கம்பெனிகளுக்குச் செய்த தொண்டு.

நியூட்ரலில் மலையிறங்கியதைச் சொன்னபோது அவருக்குக் கோபமே வந்துவிட்டது. கியரில், கிளட்சை விட்டபடி இறங்கினால் சக்கரம் இன்ஜினைச் சுழற்ற வேண்டியிருக்கும். அந்தச் சுமையே பாதி பிரேக். அதைக் கழற்றிவிட்டு, இருபது வளைவையும் பிரேக்கின் தலையில் கட்டினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். "பெட்ரோல் மிச்சம், ஆளு மிச்சமில்ல" என்றார். மனைவி இதை ஒரு சீட்டில் குறித்துக்கொண்டாளோ என்று எனக்குச் சந்தேகம்.

இந்த இடத்தில் என் மாமனாரைப் பற்றிச் சொல்லாமல் போனால் வீட்டில் சோறு கிடைக்காது. அவரிடம் ஒரு பழைய புல்லட் இருந்தது, 1955 முதல் சென்னையில் செய்ய ஆரம்பித்து, திருவொற்றியூரிலிருந்து வந்துகொண்டிருந்த அந்த வம்சத்தில் ஒன்று. அதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். கல்யாணமான புதிதில் அதை ஒருமுறை ஓட்டப் போய், நிறுத்துவதற்காகக் கியரை மிதித்து, அவர் வீட்டுத் துளசி மாடம் வரை போய்த்தான் நின்றேன். அவர் தினம் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் கிளட்சைப் பிடித்துக்கொண்டு, சாவி போடாமலே இரண்டு முறை மெதுவாகக் கிக்கரை மிதிப்பார். முகத்தில் ஒரு பக்தி இருக்கும். ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருந்தேன், மரியாதைக்காகச் செருப்பைக்கூடக் கழற்றி நின்றிருக்கிறேன். இரவு முழுக்க ஆயிலில் ஒட்டிக்கிடந்த தகடுகளைப் பிரித்துவிடும் வேலை அது என்று இப்போதுதான் விளங்குகிறது. அந்த வண்டியில் கிக்கரின் உதையே கிளட்ச் வழியாகத்தான் இன்ஜினுக்குப் போகும். கிளட்ச் வழுக்கினால் கிக்கர் பொதக்கென்று கீழே போகும், இன்ஜினுக்குச் சேதியே போகாது. அவர் வண்டியில் அப்படி ஆனதில்லை. அவர் லீவரைப் பிடித்தால் பிடித்தார், விட்டால் விட்டார். மருமகன் தேர்வில் மட்டும்தான் கொஞ்சம் வழுக்கிவிட்டார்.

மூட்டை வைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போன பெரியவரின் முதுகு எனக்குள் ஆறாமல் இருந்தது. அவர் வண்டிக்குக் கிளட்ச் லீவரே கிடையாது. 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்ததிலிருந்து தமிழ்நாட்டில் பால்காரரும் கீரைக்காரம்மாவும் வாத்தியாரும் இடது கைக்கு இப்படியொரு வேலை இருப்பதே தெரியாமல் வாழ்ந்திருக்கிறார்கள். அதிலும் கிளட்ச் உண்டு, அது தானே பார்த்துக்கொள்ளும். திருவிழாவில் குடை ராட்டினம் வேகம் எடுத்தால் நாற்காலிகள் வெளிப்பக்கம் விரியுமே, அதே சங்கதி. இன்ஜினோடு சுற்றுகிற கட்டைகள் வேகம் கூடியதும் வெளியே விரிந்து, சுற்றியிருக்கிற டிரம்மின் உட்சுவரைக் கவ்வும். வேகம் குறைந்தால் ஸ்பிரிங் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஜப்பானில் 1958-ல் வந்த ஹோண்டா சூப்பர் கப்பிலும் கை லீவர் வைக்கவில்லை. கியர் உண்டு, அதைக் காலே பார்த்துக்கொள்ளும். சோபா நூடுல்ஸ் கொண்டுபோகிற பையன் ஒரு கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு மறுகையால் ஓட்ட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. உணவைச் சுமக்கிறவனுக்கு ஒரு கையை விடுதலை செய்ய ஒரு கம்பெனி அவ்வளவு யோசித்திருக்கிறது. இங்கே எனக்குக் கொடுத்த கையை நான் என்ன செய்தேன் என்பதுதான் தெரிந்ததாயிற்றே.

கிளட்சையும் இல்லறத்தையும் ஒப்பிட்டு ஒரு நாலு வரி எழுதலாம் என்று ஆசையாகத்தான் இருக்கிறது. பட்டிமன்றப் பேச்சாளர் யாராவது இதைப் படித்தால் எடுத்துக்கொள்ளட்டும். நான் எழுதுவதை என் மனைவி படிப்பாள்.

புதுத் தகடுகளை நேராகப் போட்டுவிட முடியாது, ஆயிலில் ஊற வேண்டும் என்றார் தம்பி. "உளுந்து மாதிரி" என்றாள் மனைவி. "ஆமாங்க்கா" என்றார். இருவரும் இப்போது ஒரே மொழி பேசினார்கள். புதுத் தகடு மூன்று மில்லிமீட்டர் கனம் போல. என்னுடையதை அளந்துவிட்டு, அளவைச் சொல்லாமல் உதட்டைப் பிதுக்கினார். பழுப்புப் பட்டைகள் கருகி, கண்ணாடி மாதிரி வழவழத்திருந்தன. இரும்புத் தகடுகளில் மயில் கழுத்துப் போல நீலம் பாய்ந்திருந்தது. சூட்டில் இரும்பு அப்படித்தான் நிறம் மாறுமாம். அழகாக இருக்கிறதே என்று சொல்லி வாய் மூடவில்லை, "அழகுக்கு ஆன செலவு" என்று சீட்டை நீட்டினார். மச்சினர் வீட்டு ஆயிலில் நான் மிச்சம் பிடித்ததைப் போல அது எத்தனை மடங்கு என்று மனைவி அங்கேயே மனக்கணக்காகப் போட்டுச் சொன்னாள். விடை சரியாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளைத் திடலுக்கு அழைத்துப் போனேன். பழைய தகடுகள் இரண்டைக் கேட்டு வாங்கிப் பையில் வைத்திருந்தேன். இன்ஜின் கட்சி, சக்கரக் கட்சி, நாலு ஸ்பிரிங், 1400 சுற்று, ஜப்பான், நூடுல்ஸ் எல்லாம் சொன்னேன். இருபது நிமிஷம் ஆயிற்று. ஆடுகள் ஒரு சுற்று மேய்ந்து முடித்தன.

"அதாவது, பிடிக்கிற இடம் வர்ற வரைக்கும் வேகமா விடணும், அந்த இடத்துல கொஞ்சம் நிறுத்தணும், அப்புறம் முழுசா விட்டுடணும். அவ்வளவுதானப்பா?"

அவ்வளவுதான். வண்டி குதிக்காமல் கிளம்பியது. இரண்டாவது சுற்றில் நான் பின்னால் ஏறிக்கொண்டேன். திடலின் பாதிகூடப் போயிருக்கமாட்டோம், அவள் கத்தினாள்: "அப்பா, என் தோளைப் பிடிச்சுப் பிடிச்சு விடாதீங்க!"

பழுப்புத் தகடு ஷெட்டில் கிடக்கிறது. நீலம் பாய்ந்த இரும்புத் தகட்டை என் மேஜை மேல், படிக்கிற மனிதன் வைத்துக்கொள்கிற பொருள் மாதிரி வைத்திருந்தேன். நான்கு நாளில் காணவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது பார்த்தேன், அது சோப்புப் போட்டுத் தேய்த்து, சாப்பாட்டு மேஜையில் ரசப் பாத்திரத்துக்குப் பிரிமணையாகியிருந்தது. கச்சிதமான அளவு. பற்கள் உள்பக்கம் இருப்பதால் பாத்திரம் அசையவும் இல்லை.

"நல்லா இருக்குங்க இது" என்றாள் மனைவி, கரண்டியைப் போட்டபடி. "சாம்பாருக்கு இன்னொண்ணு வேணும். மறுபடி எப்ப ஏற்காடு போறீங்க?"